மேலடுக்கு

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது திரையில் கறுப்பே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவள் விட்டுப்போன படம் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருந்தது. அறையின் நடுவே ஆள் உயரத்துக்கு நிற்கும் எஃகுக் கலனுக்குள், காற்றே இல்லாத கடுங்குளிரில், நகத்தின் அளவே ஆன ஒரு படிகம் இருக்கிறது. அதன் மேலடுக்கில் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒரு பக்கம் பார்ப்பவை திரையில் கறுப்பு, எதிர்ப்பக்கம் பார்ப்பவை வெள்ளை. வேறு காந்தம் எதையும் கிட்டே கொண்டுபோகாமல், படிகத்தைத் தொட்டும் தொடாமலும் மேலே நிற்கும் ஊசியின் முனையில் துளி மின்சாரம் மட்டும் கொடுத்து அவற்றைத் திருப்பிவிட முடியுமா என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் அவள். நேற்றுதான் முதன்முதலாக ஒரு கறுப்புப் புள்ளி வெள்ளையானது. கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனாள்.

இப்போது எல்லாமே வெள்ளை.

“அண்ணே, நான் போனப்புறம் எதையாவது போட்டீங்களா?”

கலனைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் ஊற்றுகிறவர் அவர். அவருடைய சொந்தப் பெயர் அந்தக் கட்டிடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஹீலியம் அண்ணன்தான். வாய் ஓயாத மனிதர். ‘உன் கல்லுக்கு மட்டும் ஜலதோஷமே பிடிக்காதாம்மா’ என்று தினமும் கேட்டுவிட்டுத் தானே சிரிப்பவர். இன்றைக்குக் கலனுக்கு முன்னால், கைகளைத் தொங்கவிட்டபடி, நெற்றி எஃகில் படுகிற மாதிரி நின்றிருந்தார்.

“நான் தொடவே இல்லம்மா.”

திரும்பவில்லை. பம்பின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஜன்னலில்லாத அந்தக் கீழ்த்தள அறையில் எப்போதும் இருக்கும் ரீங்காரமும், சூடேறிய ரப்பர் வாசனையும், குழாய்களில் படிந்த பனி உருகிச் சொட்டும் ஓசையும் அன்றைக்கும் அப்படியேதான் இருந்தன.

அப்போதுதான் கணவன் போன் செய்தான்.

“பூச்சி ஒரு மாதிரியா இருக்கா. கொஞ்சம் வர்றியா?”

பூச்சி அவர்களுடைய மகள். ஒரு இடத்தில் உட்காராததால் அந்தப் பெயர்.

“காய்ச்சலா?”

“இல்ல. சுவத்தப் பாத்து உக்காந்திருக்கா. திருப்பி உக்கார வச்சாலும் மறுபடி அங்கேயே திரும்பிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு.”

பயம் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

காரை விரட்டினாள். வானம் மூட்டமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் பஸ் வரும் பக்கத்தை விட்டுவிட்டு, அவள் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், ஈரத்துணி கையிலிருந்து சொட்டச் சொட்ட, அதே பக்கம் பார்த்து நின்றாள். காரிலிருந்தபடி அவள் அதையெல்லாம் கண்ணால் பார்த்தாள், மனசுக்குள் விடவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பால் பொங்கித் தீய்ந்த நாற்றம். அடுப்பு எரிந்துகொண்டே இருக்க, கணவன் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றான்.

“என்னங்க.”

“ம்.”

“இங்க பாருங்க, என்னங்க.”

“பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

சுவரிடம் சொன்னான்.

அடுப்பை அணைத்துவிட்டு, தோளைப் பிடித்து இழுத்தாள். லேசாகத் திரும்பி வந்தான். கையை எடுத்ததும் அவன் உடம்பு மெல்லச் சுழன்று, சுவருக்கு நேரான நிலையைத் தாண்டிக் கொஞ்சம் போய், திரும்பி வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, அசைவு அடங்கி நின்றது. திசைகாட்டி முள் நிலைக்கு வருவதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

அந்தச் சுவருக்கு அப்பால் தெரு. தெருவுக்கு அப்பால் பாலம். பாலத்துக்கு அப்பால் அந்தக் கட்டிடம்.

கூடத்தில் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பூச்சியை அள்ளிக்கொண்டு ஓடினாள். பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டாள். சாலை வளையும்போதெல்லாம் கண்ணாடியில் குழந்தையின் கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்தது.

“கழுத்து வலிக்குதும்மா.”

“திரும்பாதடா தங்கம். நேரா பாரு.”

“நான் திரும்பலம்மா. அதுவே திரும்புது.”

வேகத்தைக் கூட்டினாள். எப்படித் திருப்பினோமோ அப்படியே திருப்பி வைத்துவிடலாம். ஊசிக்கு எதிர் மின்சாரம் கொடுத்தால் போதும். போதும். போதுமா?

ஆய்வகத்தில் ஹீலியம் அண்ணனின் நெற்றி இப்போது எஃகில் ஒட்டியே இருந்தது. கூப்பிட்டும் அவர் நெற்றியை எடுக்கவில்லை. மகளை நாற்காலியில் உட்கார வைத்தாள். நாற்காலியோடு சேர்ந்து அந்தச் சின்ன முகம் கலன் பக்கம் சுழன்றது. அவள் எதிர்ச்சுவர் ஓரத்து மேஜைக்கு ஓடினாள்.

எதிர் மின்சாரம். கொஞ்சம். திரை வெள்ளை.

இன்னும் கொஞ்சம். வெள்ளை.

“திரும்பித் தொலையேன்!” என்று கத்தினாள். ஊசிக்கு எட்டுவது மேலடுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அந்தத் திரை காட்டாது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. ஊசி தாங்கும் எல்லையையும் தாண்டி ஏற்றினாள்.

ஒரு கறுப்புப் புள்ளி.

பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. மை பரவுவது போல. திரை முழுக்க.

பின்னால் செருப்பு தரையில் தேயும் ஓசை. மாடிப்படிகளிலும், மேல்தளத்திலும், எங்கெங்கோ. பல கால்கள். ஒரே சமயத்தில்.

பிறகு அமைதி.

திரும்பிப் பார்த்தாள். ஹீலியம் அண்ணன் கலனுக்கு முதுகு காட்டி நின்றார். பூச்சி அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேராக. அவளையே.

“என் கண்ணே!”

பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டாள். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையின் தலையை மார்போடு அழுத்தி, பின்னந்தலையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள்.

“அம்மா.”

குரல் மார்பிலிருந்து வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தலைக்குப் பின்னாலிருந்து.

குனிந்து முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. உதடுகள் மூடியிருந்தன.

“எங்கம்மா இருக்கே? எனக்கு இரும்பு மட்டும்தான் தெரியுது.”

உள்ளங்கையில் ஈரம். முடிக்குள்ளிருந்து. சூடாக.

பிறகு, கைக்கு அடியில், மெல்ல, இரண்டு இமைகள் மூடித் திறந்தன.