லேயாவுக்காகப் படித்த குரல்

லேயா கூடத்துச் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் லேயா படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எதுவார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டிச்சேரி மொத்தமும் கடையைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் நேரம். வறுத்த வஞ்சிரத்தின் வாசனை இன்னும் திரைச்சீலைகளில் ஒட்டியிருக்க, மூடிய மரச்சன்னலின் இடுக்குகள் வழியே வெயில் தரையில் கோடு கோடாய் விழுந்திருக்க, தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூட உறுமாத அந்த அமைதிக்குள் மூக்கால் பேசுகிற, கொஞ்சலான ஒரு சிறுமிக் குரல் பிரெஞ்சுக் கதையொன்றைத் தடங்கலே இல்லாமல் வாசித்துக்கொண்டு போனது.

யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முதுகு சில்லிட்டது. அது அவருடைய குரல்.

எதுவாருக்கு வயது நாற்பத்தொன்பது. பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, பெற்றோர் சங்கத் தலைவர் பதவி உண்டு, மேடை கிடைத்தால் இறங்க மறுக்கும் கால்கள் உண்டு. ‘டேப்லெட் என்பது வீட்டுக்குள் வந்த பள்ளிக்கூடம், பெற்றோரே அதன் தலைமையாசிரியர்!’ என்று போன மாதம் முழங்கிவிட்டு, கைத்தட்டல் ஓயட்டும் என்று இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். ஓய்வதற்கு அங்கே கைத்தட்டலே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் தலைமையாசிரியரின் மகள், ஏழு வயது லேயா, வாசிப்புச் செயலியில் கடைசி. குழந்தை சத்தமாக வாசிக்க வேண்டும், செயலி கேட்டு நட்சத்திரம் போடும். யாருக்கு எவ்வளவு என்பது ஞாயிறுதோறும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். லேயா வரிக்கு நாலு இடத்தில் நின்றாள். நின்ற இடத்தில், படத்திலிருந்த வாத்துகளுக்குப் பெயர் வைத்தாள். தலைவர் வீட்டுப் பிள்ளைக்கு இது அழகா?

ஒருநாள் அவள் தூங்கும்போது எதுவார் டேப்லெட்டோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். தொண்டையை இறுக்கினார். மகளாகி வாசித்தார். திரையில் ஓர் அணில் குதித்துக் கைதட்டியது: “பிராவோ, லேயா!” வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த கலப்படமில்லாத முதல் கைத்தட்டல். அப்புறம் தினமும் குளியலறைதான். லேயா முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

இப்போது உள்ளறைக் கதவைத் தள்ளினார். டேப்லெட் மேசைமேல் அணைந்து கிடந்தது. குரல் அதிலிருந்து வரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில், வெறுங்காற்றிலிருந்து வந்தது. அவர் இன்னும் வாசித்திராத பக்கம்.

பின்வாசல் திறக்கும் சத்தம். கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மனைவி அனைஸ், சமையலறையில் பையை வைத்தபடியே குரல் கொடுத்தாள்.

“ஏங்க, உள்ள யாரு படிக்கிறது?”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே வெட்கமும் வந்தது, வெட்கம் முந்திக்கொண்டது.

“நம்ம லேயாதான்.”

குரல் நின்றது. பிறகு, சந்தோஷமாக, சிரித்தது.

கூடத்தில் லேயா விழித்து உட்கார்ந்தாள். “பப்பா” என்றாள். பாதிதான் வந்தது. மீதி காற்று.

“தொண்ட கட்டிக்கிச்சா? ஐஸ் வாங்கிக் குடுத்தீங்களா நீங்க?” அனைஸ் ஓடிவந்து மகளின் முகவாயைப் பிடித்தாள். “ஆ காட்டுடி தங்கம். உள்ள ஒண்ணும் செவக்கலியே...”

மறுநாள் பக்கத்து வீட்டு சூசை மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். “உங்க பொண்ணு ரேடியோ கணக்கா வாசிக்குதே முசியே! எங்க வூட்டு வானரம் டேப்லெட்ட குடுத்தா காரு ஓட்டுது.”

“எல்லாம் பெற்றோர் கவனிப்புதான், சூசை” என்றார் எதுவார்.

அன்று சாயங்காலம் லேயா தண்ணீர் கேட்டது கையால்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அது தன் மகள் என்று அவர் ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், மகளிடமிருந்து ஏதோ ஒன்று கழன்று அதற்குப் போகிறது. நிறுத்த ஒரே வழி, நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்வது. சங்கத் தலைவர் குளியலறைக்குள் கீச்சுக் குரலில் வாத்துக் கதை வாசித்தார் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், பிள்ளையைவிடவா பெரிது என்று படுக்கையில் துணிந்தார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டியதும் துணிவு கழன்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதாம் அந்துவானெத் வந்தார். ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பிரெஞ்சுப் பள்ளியில் இடம் நிச்சயம். லேயாவின் வாசிப்பைக் கேட்கத்தான் வந்திருந்தார். லேயா அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாசிம்மா. பயப்படாத, நான் கடிக்க மாட்டேன்.”

லேயாவின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

உள்ளறையில் குரல் தொடங்கியது. கொஞ்சலாக. மூக்கால். கதவுக்கு மிக அருகில்.

மதாம் கண்ணை மூடிக் கேட்டார். “ஒலாலா! எவ்ளோ சுத்தமா இருக்கு! யாரு அது, எதுவார்?”

லேயா அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். பிடி இறுகியது. அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. எதுவார் வாயைத் திறந்தார். இதோ. இப்போது சொல்லிவிடலாம். மதாமின் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தார்.

“லேயா” என்றார். “என் பொண்ணு லேயா.”

“அப்போ இந்தக் கொழந்த யாரு?”

காப்பித் தட்டோடு வந்த அனைஸ் நின்று பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“யாருங்க இது? சூசையண்ணன் வூட்டுக்கு வந்த பொண்ணா?”

கதவு திறந்தது.

லேயாவின் உயரம். லேயாவின் பூப்போட்ட கவுன். அதற்குக் கீழே, முடி அடர்ந்த கணுக்கால்கள். மெல்ல வந்தது. முழங்கால் மடங்காமல்.

மதாம் எழுந்து அதன் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். நரைத்த தாடி முள் அவர் முகப்பவுடரில் கோடு கிழித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அனைஸ் தட்டை வைத்துவிட்டு அதை மடியில் இழுத்துக்கொண்டாள். வழுக்கையோரம் மிஞ்சியிருந்த முடியைக் கோதினாள். பிரித்தாள். பொறுமையாக இரட்டைப் பின்னல் போடத் தொடங்கினாள்.

எதுவாரின் கட்டைவிரலில் பிடி இல்லை.

திரும்பினார். தெருக்கதவு திறந்திருந்தது. ஒரு சின்ன முதுகு வெயிலில் படியிறங்கியது. தயங்காமல். யார் வீட்டிலோ தவறி நுழைந்துவிட்ட பிள்ளையைப் போல.

“லேயா!” என்று கத்தினார்.

அந்த முதுகு திரும்பவில்லை.

அனைஸின் மடியிலிருந்து அவருடைய முகமே நிமிர்ந்தது.

“என்ன பப்பா?”