மூவாயிரத்து அறுநூறு

"பையா, ருக்கோ... ருக்கோ!"

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டே, குடைகூட இல்லாமல் ஓடிவந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தாரிணி.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. செகந்திராபாத் கடைத்தெருவில் ஜூலை மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் நடுவழியில் மக்கர் செய்ய, அதை ஒரு கடை ஓரமாக நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் ஃபோனோடு போராடி அவள் புக் செய்த ஆட்டோ அது. உள்ளே எவனோ ஒருவன், லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஓடிபி போலோ சாப்," என்றார் டிரைவர்.

அவன் நான்கு எண்களைச் சொன்னான். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார். தாரிணி தன் நான்கு எண்களைச் சொன்னாள். டிரைவரின் ஃபோன் 'டிங்' என்றது. இறங்கு என்பதுபோல அவள் புருவத்தை உயர்த்தினாள்.

அவன் பையைத் தோளில் மாட்டியபடி தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தான். "ஏறுனது தப்புதான்... அதுக்காக அம்மிணிக்கு மூக்கு மேல இவ்வளவு கோவம் ஆகாதப்பா சாமி..."

"எவ்வளவு ஆகும்?" என்றாள் தாரிணி, பளிச்சென்று தமிழில்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி கோத்த இமைகள்... அதற்குக் கீழே எரிகிற இரண்டு கண்கள். தோளில் மாட்டிய பை நழுவி அவன் மடியிலேயே விழுந்தது. அவளுக்கும் என்னவோ ஆயிற்று. திட்டுவதற்காகத் தயாராக வைத்திருந்த அடுத்த வரி மறந்துபோயிற்று.

"மன்னிச்சுக்கோங்க... பாக்காம ஏறிப்போட்டேனுங்க."

பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் இரண்டு ஃபோன்களையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பேகம்பேட், ஒரே பில்டிங். ஒண்ணா உட்காருங்க தாயே, என் உயிரை எடுக்காதீங்க" என்று இந்தியில் தலையில் அடித்துக்கொண்டார். தாரிணி ஏறி, நடுவில் தன் கைப்பையைச் சுவர்போல வைத்தாள்.

இதற்குப் பெயர் விதி என்பார்கள். தாரிணியைக் கேட்டால் ஆட்டோ பற்றாக்குறை என்பாள்.

ஒரே பில்டிங் மட்டுமல்ல... ஒரே மாடி, ஒரே மீட்டிங் ரூம் என்று தெரிந்தபோது அவளுடைய எரிச்சல் இரட்டிப்பானது. மேனேஜர் ஸ்மிதா அவனை அறிமுகப்படுத்தினாள். தண்டபாணி. சொந்த ஊர் தாராபுரம், வேலை சென்னை ஆபீஸில். வெள்ளிக்கிழமை வரை இங்கேதான். தாரிணியின் 'க்யூ'வைச் சோதிக்க வந்திருக்கிறான்.

க்யூ என்றதும் பயப்பட வேண்டாம். ஊரெல்லாம் கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் அவர்கள் கம்பெனியின் வாடிக்கையாளர். 'உங்கள் ரிப்போர்ட் ரெடி' என்று நோயாளிகளின் ஃபோனுக்குச் செய்தி போகவேண்டும். அந்தச் செய்திகளெல்லாம் ஒரு சாஃப்ட்வேருக்குள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக வெளியே போகும். எந்தச் செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், போய்ச் சேராவிட்டால் எத்தனை முறை மறுபடி அனுப்புவது... எல்லாம் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றில் வரிவரியாக எழுதியிருக்கும். அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவள் தாரிணி. அவளுக்கு அது பெற்ற பிள்ளை.

இரண்டு வாரமாக அந்தப் பிள்ளைதான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலை எட்டிலிருந்து பத்து வரை, கூட்டம் அதிகமான நேரத்தில், நூற்றுக்கணக்கான செய்திகள் சுவடே இல்லாமல் காணாமல் போயின. நோயாளிகள் கவுண்டரில் சண்டை போட்டார்கள்.

"செட்டிங்ஸ்ல ஏதாவது..." என்று தண்டபாணி ஆரம்பித்ததுதான் தாமதம்.

"ஒவ்வொரு வரியும் என் கையால எழுதினது," என்றாள் தாரிணி, எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில். "அதுல ஒரு வரி தப்புன்னா நான் வேலையை விட்டுடறேன். நெட்வொர்க்கைப் பாருங்க, சர்வரைப் பாருங்க."

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு திரும்புமா?

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு நாள் ஓடியது. அவன் நெட்வொர்க்கைப் பார்த்தான், சர்வரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காததுபோல் பார்த்தாள். யோசிக்கும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான்... நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழும்... எனக்கென்ன வந்தது என்று அவள் திரையைத் திட்டுவாள். ஒரே மெயிலை மூன்று தடவை படிப்பாள். ஒன்றும் மண்டையில் ஏறாது.

செவ்வாய் மாலை கேன்டீனில் மிர்ச்சி பஜ்ஜியைக் கடித்துவிட்டு அவன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"அய்யோ, காரம்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் ஆட்டோ ஞாபகம் வந்துடிச்சி."

"உங்க தமிழ் ஒரு தினுசா இருக்குதுங்க."

"அஞ்சு தலைமுறையா இங்க மாரெட்பள்ளிலதான் இருக்கோம். இந்த மட்டும் தமிழ் மிச்சம் இருக்கேன்னு சந்தோஷப்படுங்க... அம்மிணின்னா என்ன? திட்டா?"

"இல்லீங்க! எங்க ஊர்ல வயசுப் பொண்ணுங்களை மரியாதையாக் கூப்பிடறதுங்க," என்றான் அவன், காது சிவக்க.

புதன்கிழமை, வேறெங்கும் தவறு கிடைக்காமல், அவன் மெதுவாக அவளுடைய ஃபைலைத் திறந்தான். ஒரு வரியில் விரல் நின்றது.

"ஏனுங்க, இந்த மூவாயிரத்து அறுநூறு?"

"ஒரு செய்தி வரிசையில எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்ங்கறது. ஒரு மணி நேரம். மூவாயிரத்து அறுநூறு செகண்ட். அதுக்கு மேல ஆனா தூக்கிப் போட்டுடும். அந்தப் பழைய செய்தி யாருக்கு வேணும்?"

"ஓ... சரிங்க."

பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான். அன்று மாலை வரை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்ன செய்துவிட்டேன் நான் என்று தாரிணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அவன் இன்னும் ஊமையானான். சாயங்காலம் அவள் கிளம்பும்போதும் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் ஒளிர்ந்தது.

'ஒண்ணு சொல்லோணும்ங்க. சொல்லாமயே ஊருக்குப் போயிருவனோன்னு பயமா இருக்குது.'

படித்தாள். திரும்பப் படித்தாள். 'சொல்லுங்க' என்று அடித்தாள், அழித்தாள். 'என்ன?' என்று அடித்தாள், அதையும் அழித்தாள். வாசலுக்குப் போனாள், சமையலறைக்கு வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள்.

"கைக்குடி, ஏன்டி இப்படி வீட்டை அளந்துகிட்டிருக்க?" என்றாள் அம்மா லலிதா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "காலுக்கு என்ன சக்கரமா கட்டியிருக்கு?"

"ஆபீஸ் டென்ஷன்ம்மா."

"ஹவ், ஹவ்... ஆபீஸ்தான்," என்று ஆமோதித்தாள் அம்மா. அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும். கேட்க வேண்டிய நேரம் வரும்வரை தோசை சுடுவார்கள். பதில் போடாமலேயே தாரிணி படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. காணாமல் போன செய்திகள்: பூஜ்யம். ஆபீஸே கைதட்டியது. தண்டபாணியின் ரிப்போர்ட் எல்லோருக்கும் மெயிலில் வந்திருந்தது. 'இந்த ஃபைலை எழுதுவதற்காகச் சென்னை டீம் முன்பு கொடுத்த மாதிரி ஃபைலில் நான் செய்த பிழை. சரிசெய்துவிட்டேன்.'

தாரிணியின் கைதட்டல் பாதியில் நின்றது. மாதிரி ஃபைலா? யாரும் எதுவும் கொடுக்கவில்லையே!

செட்டிங்ஸில் யார் எதை மாற்றினாலும் பெயரும் நேரமும் பதிவாகிவிடும். திறந்து பார்த்தாள். நேற்று மாலை ஆறு நாற்பது. தண்டபாணி. மாறியது ஒரே ஒரு வரி. 3600 இருந்த இடத்தில் 3600000.

கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் எழுதவேண்டியது செகண்ட் கணக்கு இல்லை, மில்லிசெகண்ட்... செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவள் கொடுத்தது ஒரு மணி நேரம் இல்லை, மூன்றரைச் செகண்ட் சொச்சம். கூட்டமில்லாத நேரத்தில் செய்திகள் அதற்குள் போய்விடும். காலை நெரிசலில் நாலு செகண்ட் காத்திருந்தவை எல்லாம் குப்பைக்குப் போயிருக்கின்றன... இரண்டு வாரமாக. யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையின் ரிப்போர்ட்டுக்காக ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாரிணிக்கு அழுகை முட்டியது.

அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. மாடிப்படி அருகில் அவனை மடக்கினாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அதுங்க..."

"தப்பு என்னுது. நீங்க கைக்கு உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்க? யார் கேட்டா? என்னைப் பார்த்தா அவ்வளவு இரக்கமா வருதா?"

"தப்புன்னா வேலையை விட்டுருவேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிப்போட்டீங்க. உங்களைப் பாத்தா சொன்னதைச் செய்யற ஆளாத் தெரிஞ்சுது. அதானுங்க..." அவன் குரல் இறங்கியது. "நான் எப்படியும் இன்னைக்கு ஊருக்குப் போறவன். ரெண்டு திட்டு வாங்கிட்டுப் போயிருவேன்."

"எனக்கு யாரும் பொய் சொல்லிக் காப்பாத்த நக்கோ, வேணாம்!"

விடுவிடுவென்று நடந்தாள். கால் மீட்டிங் ரூமுக்குப் போயிற்று. மனசு மாடிப்படியிலேயே நின்றுவிட்டது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. வேலை நிலைக்கும், பெயர் நிலைக்கும். அவன் மட்டும் கெட்ட பெயரோடு ரயில் ஏறுவான்... கதவைத் தள்ளினாள்.

"ஸ்மிதா, அந்த ரிப்போர்ட் தப்பு. செகண்டுன்னு நினைச்சு மில்லிசெகண்ட் இடத்துல எழுதினது நான். நான் மட்டும்தான். திங்கட்கிழமை சொன்னதும் ஞாபகம் இருக்கு. ராஜினாமா லெட்டர் மத்தியானம் தரேன்."

சொல்லி முடிக்கும்வரை அவள் தலை குனியவில்லை. பின்னாலேயே ஓடிவந்த தண்டபாணி வாசலில் சிலையாக நின்றான்.

ஸ்மிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். முதல் பங்கு தண்டபாணிக்கு. பொய் ரிப்போர்ட் எழுதியதற்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஃபைலை மாற்றியதற்கும் சென்னைக்கு மெயில் போகும். உண்மை ரிப்போர்ட்டை இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த பங்கு தாரிணிக்கு. பரிசோதனை நிலையத்துக்கு நேரில் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"ராஜினாமா லெட்டர் எழுத நேரம் இருந்தால், ஃபைலில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது செகண்டா மில்லிசெகண்டா என்று எழுது. இரண்டு நாளாக ஒரு வரியைக் காட்டக்கூட இந்தப் பையன் உன்னிடம் பயந்திருக்கிறான். அதுதான் உன் பெரிய தப்பு," என்றாள் ஸ்மிதா. "இனிமேல் அந்த ஃபைலில் இரண்டாவது ஆள் பார்க்காமல் எதுவும் மாறக் கூடாது. அந்த ஆளை நீயே தேடிக்கொள்."

தாரிணி அப்போதே கிளம்பினாள். பரிசோதனை நிலையத்தில் ஒரு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் வாசலில், பையோடு, ஃபோனைப் பார்த்தபடி ஆட்டோவுக்காக நின்றிருந்தான் தண்டபாணி.

பழுது நீக்கிய தாரிணியின் ஸ்கூட்டர் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

"கிடைக்காது. மழை வந்தா ஆட்டோ கிடைக்காது இந்த ஊர்ல. ஏறுங்க, ஸ்டேஷன்ல விடறேன்."

"கோவம் போயிருச்சுங்களா?"

"இல்ல. நேத்து ஒரு மெசேஜ் அனுப்பினீங்களே... என்னமோ சொல்லணும்னு. ஃபைல் விஷயமா?"

அவன் மழையைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான். "பாதி அதுதானுங்க... மீதியை இப்ப வேண்டாமுங்க. நேரமும் இல்ல."

"ட்ரெயினுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"வழியில போற நேரம் போக... ஒரு மணி நேரம் இருக்குமுங்க."

"மூவாயிரத்து அறுநூறு," என்றாள் அவள்.

அவன் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல, "...செகண்டுங்க," என்றான்.

அவ்வளவுதான். இருவரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"அப்ப சொல்லுங்க. அவசரமில்ல. இப்பல்லாம் மூணு செகண்ட்ல எதையும் தூக்கிப் போடறதில்ல."

"முத நாள் ஆட்டோவுல முறைச்சீங்களே... அன்னைலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடலீங்க. ரிப்போர்ட்டை மாத்தி எழுதுனது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அது இரக்கமில்லீங்க. உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க... ரொம்பப் புடிச்சிருக்குது."

மழை சட்டென்று வலுத்தது. அவள் பதில் சொல்லாமல், சீட்டைத் திறந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்தாள். அவன் முகம் வாடியது.

"நேத்து ராத்திரி பதில் போடாம விட்டுட்டேன்," என்றாள், ஹெல்மெட்டின் வாரைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தடவை அடிச்சு ரெண்டு தடவை அழிச்சேன். ஸ்மிதா வேற, ரெண்டாவது ஆளை நீயே தேடிக்கன்னு சொல்லிட்டாங்க... தேடிட்டேன்."

"ஃ... ஃபைலுக்குத்தானுங்களே?"

தாரிணி நிமிர்ந்தாள். மழைத்துளி கோத்த அதே இமைகள். ஆனால் இப்போது அந்தக் கண்களில் நெருப்பு இல்லை.

"ஃபைலுக்கும்," என்றாள், ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தபடி.