பின்மூடியில் ஒரு பொட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. இரண்டு கார்களையும் ஒரு திருட்டையும் பற்றிச் சொல்லப்போகிறேன். தடயம் எதையும் ஒளிக்க மாட்டேன்.

விஜயதசமி. காலை மணி ஏழு. மலேசியாவின் ரஹாங்கில் ஒரு தகரக் கொட்டகை.

"என் ஸ்டீரிங்கைக் காணோம்!"

ஆம்புரோஸ் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவருடைய ஆங்கிலேய ஜாகுவாரில் மரவளைய ஸ்டீரிங் இருந்த இடம் மூளியாகக் கிடந்தது. பக்கத்தில் நண்பர் திருநாவுக்கரசுவின் ஜெர்மன் போர்ஷே. இருவரும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். துரை காரைத் துடைத்த கைகளுக்கு இன்று சொந்தக் கார்! பத்து மணிக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நூற்றாண்டு ஊர்வலம். இரண்டும் ஜோடியாக முன்னே போக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ரோகினி வந்தாள். அந்தப் பள்ளியில் படித்தவள்தான்.

"கொட்டகைச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட, என் தம்பி மகன் நைஜல்கிட்ட, இதோ நிக்கிறானே இந்த அரசுகிட்ட. ஜோடியைப் பிரிக்க மாட்டேன்னு, விலைக்குக் கேட்டு வந்தவனையெல்லாம் விரட்டினேனே! இவன் பொறாமையில கழட்டிட்டான்."

"உன் நீளமூக்கு வண்டியைப் பார்த்து எனக்கென்னடா பொறாமை?"

"தவளை மாதிரி குந்தியிருக்கிற வண்டியை வச்சுக்கிட்டுப் பேச்சைப் பாரு!"

ரோகினி கார்களைச் சுற்றி வந்தாள். ஜாகுவாரின் முன்மூடியில் ஆயுதபூஜைப் பொட்டு கலையாமல் இருந்தது. போர்ஷேயின் பின்மூடி விளிம்பில் சந்தனமும் குங்குமமும் விரல்பட்டு இழுபட்டிருந்தன.

"பொட்டு யார் வச்சது ஐயா?" என்று திருநாவுக்கரசுவிடம் கேட்டாள்.

"நான்தாம்மா, ரெண்டுக்கும். எஞ்சின் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இவன் சர்ச்சுக்குப் போறவன்னாலும் வண்டிக்குப் பொட்டு கேப்பான்லா."

"அப்புறம் தொட்டீங்களா?"

"பூஜை போட்ட வண்டியை மறுநாளைக்கு முன்னாடி தொடுவோமா? என்னம்மா நீ!"

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் போர்ஷேயைச் சோதித்தாள். தேடியது கிடைத்தது. இருந்த இடத்திலேயே விட்டாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள்.

"நைஜல், இந்த வண்டியைத் தொட்டிருக்கியா?"

"கிட்டகூடப் போனதில்ல, அக்கா. பெரியப்பா ஜாகுவார்தான் எனக்கு உசுரு."

"சரி. என் பையை இதோட டிக்கியில வை, தம்பி."

அவன் துள்ளிக்கொண்டு போனான். உள்ளேயிருந்த பிடியை இழுத்து முன்மூடியைத் தூக்கினான். "ஐயோ! பெரியப்பா, ஸ்டீரிங் இங்க இருக்கு! அங்கிள், நீங்களா?"

"அவரில்ல, நீ," என்றாள் ரோகினி. "டிக்கின்னா எல்லாரும் பின்னாலதான் போவாங்க. நீயும் ராத்திரி அப்படித்தான் போயிருக்கே. பின்னால எஞ்சின் இருந்துச்சு. பொட்டு கலைஞ்சதுதான் மிச்சம். வண்டிக்குச் சொந்தக்காரர் அந்தத் தப்பைப் பண்ண மாட்டார். கிட்டகூடப் போகாதவனுக்கு டிக்கி முன்னாலன்னு எப்படித் தெரிஞ்சுது?"

நைஜல் தலை கவிழ்ந்தது. இந்தப் பழியால் ஜோடி பிரிந்தால் பெரியப்பா ஜாகுவாரை விற்றுவிடுவார், அந்தக் காசில் தனக்கும் பங்கு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

ஆம்புரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அரசு, தப்பா பேசிட்டேன்டா. நீயே முன்னால போ."

"ஸ்பேனரை எடு முதல்ல. உன் மூக்குக்கு ஸ்டீரிங் மாட்டணும்."

பத்து மணிக்குப் பள்ளி வாசலில் நீளமூக்கும் தவளையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. பிள்ளைகள் போட்ட ஆரவாரத்தில் பேண்டு வாத்தியமே கேட்கவில்லை. வாசலில் நின்ற ரோகினி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

உங்கள் வீட்டு வாசலிலும் அப்படியொரு பெருமை வந்து நிற்கட்டும், என் செல்வங்களே. ஜோடி பிரியாமல், குறையில்லாமல் உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.