பதின்மூன்று முறை துடைத்த கண்ணாடி

தோட்டவெளியில் செலீனாவின் வீட்டு வாசலில் ஜெயனி வந்து நின்றபோது அவள் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. கதிரையைக் காட்டினால் இருக்கவில்லை, தேத்தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. செலீனா அவசரப்படுத்தவில்லை. இருபத்தைந்து வருடம் படகுக் காப்புறுதிக்காரர்களுக்காக மூழ்கிய படகுகளையும் மூழ்காத பொய்களையும் விசாரித்தவர் அவர். ஓய்வு பெற்றபிறகும் ஆட்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவருக்குத் துணை லக்சன். அடம்பனில் வயல்காரக் குடும்பம், முப்பது வயது, மோட்டார் சைக்கிள், அளவுக்கு மிஞ்சிய ஆர்வம். கடல் என்றால் அவனுக்குப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலால் தெரிகிற நீலம்தான். ஜெயனி வாய் திறக்குமுன்பே அவன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டான்.

அவள் சொன்னது இதுதான். மன்னாருக்குத் தெற்கே நடுக்கடலில் காற்றாலைகள் நிறுத்த அவளுடைய கம்பனி திட்டமிடுகிறது. அதற்கு மலைபோலக் காசு வேண்டும், வங்கிகள்தான் தரவேண்டும். காற்றை ஈடு வைக்க முடியுமா? அது எவ்வளவு அடிக்கிறது என்று ஒரு முழு வருடம் அளந்து காட்டினால்தான் வங்கிக்காரன் பேனாவைத் திறப்பான். அதற்காகக் கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றரில் ஒரு மிதவையை நங்கூரமிட்டு வைத்திருந்தார்கள். அதன் பொறுப்பு ஜெயனியிடம்.

வருடம் முடிந்தது. வங்கிகளின் பொறியாளர் ஜுனைட் கொழும்பிலிருந்து வந்து பதிவுகளைக் கிண்டியதில் ஒரு விசயம் அகப்பட்டது. மிதவைக் கருவியின் கண்ணாடியில் உப்பும் பறவை எச்சமும் படியப் படிய அதன் பார்வை மங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேவைப் படகு போய்த் துடைக்கும். ஆனால் இடையில் பதின்மூன்று தடவை கண்ணாடி தானாகப் பளிச்சென்று தெளிந்திருக்கிறது. யாரோ அனுமதியில்லாமல் ஏறியிருக்கிறார்கள். காற்றைக் கூட்டிக்காட்ட ஜெயனியே ஆள்விட்டுக் கருவியில் கைவைத்தாள் என்பது ஜுனைட்டின் சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் ஒரு வருட அளவீடும் குப்பை, வங்கி விலகும், அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"கண்ணாடியைத் துடைச்சா பார்வைதான் கூடும் அன்ரி, காத்தின்ர வேகம் கூடாது. அது அவருக்கும் தெரியும். ஆனா துடைக்க ஏறினவன் வேற என்ன செய்தானெண்டு கேக்கிறார்" என்றாள் ஜெயனி. "என்னை விடுங்கோ. உண்மையா அடிச்ச காத்தையே பொய்யெண்டு எழுதப்போறினம்."

மறுநாள் காலை சேவைப் படகோட்டி றோய் அவர்களைக் கூட்டிப்போனான். கரை மறைந்ததும் லக்சன் கொப்பியை மறந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், அதற்கு மேலே வானம், நடுவில் தான் ஒரு சின்னத் துரும்பு. கண்ணை எடுக்க மனமில்லை.

மஞ்சள் மிதவை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சூரியத் தகடுகள், மின்கலங்கள், நடுவில் வானத்தைப் பார்த்தபடி ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி மேலே போகிறதாம். இருநூறு மீற்றர் உயரத்தில் காற்றோடு ஓடும் தூசியில் பட்டுத் திரும்பி, அங்கே காற்று எவ்வளவு வேகம் என்று சொல்கிறதாம். லக்சன் அண்ணாந்து பார்த்தான். ஒன்றுமில்லை, வெறும் நீலம். காற்றென்றால் நெல் தூற்ற வேண்டியது என்றுதான் அவன் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். தலைக்கு மேலே இப்படியொரு பெரிய ஆறு சத்தமில்லாமல் ஓடுகிறது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லையே! அவனுக்கு மெய்சிலிர்த்தது.

செலீனா மெதுவாக ஏறி எல்லாவற்றையும் பார்த்தார். மின்கலம் ஒன்றும் களவு போகவில்லை. கருவிப் பெட்டியின் முத்திரை உடையவில்லை. கம்பியில் ஒரு படகுக் கயிறு உரசிய தடம் இருந்தது. சூரியத் தகட்டுக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில், வெள்ளைச் சொட்டுகள் உறைந்து கிடந்தன. கடற்காகத்தின் எச்சம் என்றான் லக்சன். செலீனா அதை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, கடதாசியில் மடித்துக்கொண்டார். ஆடுகிற மிதவையில் தனியாகக் கால் வைக்கக் கடலிலேயே கிடந்தவனால்தான் முடியும் என்றான் றோய்.

கரைக்கு வந்ததும் லக்சன் பதின்மூன்று திகதிகளையும் நாட்காட்டியில் அடையாளமிட்டான். ஒக்டோபர் நடுவில் தொடங்கி ஜனவரி முதற்கிழமையில் முடிந்தன. அத்தனையும் செவ்வாய்க்கிழமை, அத்தனையும் விடியற்காலை. அவன் துள்ளாத குறை. றோய் செவ்வாய்க்கிழமைகளில் வாடகைக்கு ஓடுவதில்லை என்பதை விசாரித்தும் வைத்திருந்தான். கள்ளன் பிடிபட்டுவிட்டான் என்பது அவன் முடிவு.

"செவ்வாய் சரி. ஏன் பதின்மூண்டோட நிண்டது?" என்று கேட்டார் செலீனா. லக்சன் நாட்காட்டியை மறுபடி எண்ணினான்.

அவர் நேரே மீனவர் சங்கக் கந்தோருக்குப் போனார். கேட்டது ஒரேயொரு கேள்வி: முதற் செவ்வாய்க்கு முந்திய நாட்களில் கடலில் காணாமற்போய்த் திரும்பிய படகு ஏதும் உண்டா? உண்டு. திடீர்ப் புயலில் தனியாகப் போன ஒருவர் இரண்டு நாள் கழித்துக் கரை சேர்ந்திருந்தார். பெயர் கிறகரி. அதே சங்கத்தின் தலைவர். கடலில் காற்றாலை வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான்.

லக்சனுக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. திட்டத்தைக் கெடுக்க எதிராளி செய்த வேலை, வேறென்ன! செலீனா அதைக் கேட்டபடி கடற்கரைக்கு நடந்தார். வலை காயப்போட்டிருந்த இடத்தில் கிறகரியோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசினார். அந்த மனிதர் தலை குனிந்தபடி ஊசியும் நூலுமாகவே இருந்தார். "வாறதும் வராததும் உங்கட விருப்பம்" என்று செலீனா எழுந்தது மட்டும் லக்சன் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை உப்புக்குளத்தில் கம்பனிக் கந்தோரில் எல்லாரும் கூடினார்கள். ஜுனைட் பதிவுக் கோவையோடு இருந்தார். ஜெயனி அழுது முடித்த கண்களோடும், றோய் கோபத்தோடும் இருந்தார்கள். செலீனா கடதாசியை விரித்து வெள்ளைச் சொட்டுகளை மேசையில் வைத்தார்.

"இது எச்சம் இல்லை, மெழுகுதிரி மெழுகு. கருவியைக் குழப்ப வந்தவன் அங்க மெழுகுதிரி கொளுத்த மாட்டான். செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். பதின்மூண்டு செவ்வாய் அவருக்கு நேர்த்தி வைச்சு மெழுகுதிரி கொளுத்துறது எங்கட வழக்கம். பதின்மூண்டு முடிஞ்சுது, நேர்த்தியும் முடிஞ்சுது. அதாலதான் பதினாலாவது தரம் ஒருத்தரும் போகேல்லை. ஊரில அவற்ர கோயில் இருக்கக் கடலுக்க போய் அந்த மிதவையில நேர்த்தி செலுத்துறதெண்டா, உயிர் தப்பினது அதிலதான்."

லக்சனுக்கு வெட்கமாக இருந்தது, வியப்பாகவும் இருந்தது. ஜுனைட் ஒரு சொட்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, தான் நம்புவதாகவும் ஆனால் வங்கிக்கு மெழுகு சாட்சியாகாது என்றும், அந்த மனிதர் வந்து வாயால் சொன்னால் மட்டுமே அறிக்கையில் எழுதலாம் என்றும் சொன்னார். ஜெயனி செலீனாவைப் பார்த்தாள். ஆளின் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். செலீனா சொல்லவில்லை. எதிர்ப்புக்குத் தலைமை தாங்குகிறவர் கம்பனிக் கந்தோரில் வந்து சாட்சி சொன்னால் ஊர் என்ன சொல்லும்? காசு வாங்கிவிட்டான் என்றுதான் சொல்லும்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் செலீனா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கால் மணித்தியாலம் போனபின் கதவு திறந்தது. வெளியே சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் பார்த்து நிற்க, கிறகரி உள்ளே வந்தார். கதிரையைக் காட்டினார்கள்; இருக்க மறுத்துவிட்டார்.

"எஞ்சின் நிண்டு, அலை இழுத்துக்கொண்டு போனது. உந்த மிதவையில கயித்தைப் போட்டுத்தான் பிழைச்சனான். ஒரு பகலும் இரவும் அதில தொங்கினன். அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனான். தந்த உயிருக்கு அங்க நான் செய்யிறதுக்கு வேற என்ன கிடக்கு? கண்ணாடி ஊத்தையாக் கிடந்தது. நல்ல தண்ணி கொண்டுபோய்த் துடைச்சன். வேற ஒண்டிலயும் கை வைக்கேல்லை."

ஜுனைட் எழுதினார். துடைத்த பதின்மூன்று பொழுதுகளையும் நீக்கினால் மீதி வருடம் சுத்தமாக நிற்கும், அளவீடு செல்லும் என்றார். ஜெயனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிறகரி ஜுனைட் எழுதியதை ஒருமுறை முழுதாக வாசித்துக் கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கதவுப் பக்கம் பார்த்து, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகப் பேசினார்.

"நாளைக்கும் உங்கட காத்தாலைக்கு எதிராத்தான் நிப்பன். அது நாங்கள் வலை போடுற கடல். ஆனா இந்தப் பிள்ளை பொய் எழுதேல்லை. அங்க காத்து எவ்வளவு அடிக்குதெண்டு எனக்குத் தெரியும். நான் அதுக்குள்ள கிடந்தனான்."