பெல் அடிக்காத தெரு

எங்கள் தெருவில் யாரும் பெல் அடிக்க மாட்டார்கள். அது தெரிந்திருந்தும் என் அண்ணன் இனியவன், வாசலில் ஒரு பெல்லை வாங்கி மாட்டினான். படித்தது கம்ப்யூட்டர் இல்லையா, அப்படித்தான் இருப்பான்!

அந்த பெல், எங்கள் அம்சம் அத்தைக்காக. அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைப்பார். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அத்தைக்குக் காது கேட்காமல் போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் உதட்டசைவில் புரிந்துகொள்வார். குனிந்து தைக்கும்போது இடி விழுந்தாலும் தெரியாது.

"ஊர் என்னைப் பாவம்னு பார்க்கக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பெல்லை அழுத்தினால் தையல் மெஷினுக்கு மேலே ஒரு நீல பல்பு மின்னியது.

"நடுவுல ஒயரே இல்லையே அண்ணா?"

"வேண்டாம் கயல். பெல், 'யாரோ வந்திருக்காங்க'ன்னு அலமாரியில இருக்கிற குட்டிப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி அதைப் பல்புக்குச் சொல்லிடும்."

"எங்க கிளாஸ் லீடர் மாதிரியா?"

"அதே! ஆனா இது கோள் சொல்லாது."

ஒரு வாரம் ஆனது. பல்பு ஒரு தடவைகூட மின்னவில்லை. அத்தை மெஷினைத் துணி போட்டு மூடினார்.

"யாருமே வர்றதில்ல கயல். மெஷினை வித்துட்டு, திருப்பூர் கம்பெனி வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார்.

அத்தை இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி பெரியம்மா எங்கள் கேட்டிலிருந்து துணிப்பையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியம்மா திரும்பிட்டீங்க?"

"உங்க அத்தைக்கு ரொம்பத்தான் ராங்கி! தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஊசியும் கையுமா குனிஞ்ச தலை நிமிரல."

"பெல் அடிச்சிருக்கலாமே?"

"நல்லா இருக்குடி! நான் என்ன கொரியர்காரனா, பெல் அடிச்சுட்டு நிக்க?"

உண்மையைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. சத்தியம் செய்தாயிற்றே, என்ன செய்வது? கேட்டில் 'பெல் அடிக்கவும்' என்று எழுதி ஒட்டினேன்.

அப்பாவைத் தேடி வந்த பஞ்சநதம் மாமா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன கயலு, வீடு ஆபீஸ் ஆயிடுச்சா?" என்றவர், "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டே கேட்டின் இரும்புக் கொண்டியைக் கடகடவென்று ஆட்டினார்.

நான் அவர் கையையே பார்த்தேன். பின்னாலேயே வந்த கீரைக்கார அக்காவும் கொண்டியை ஆட்டித்தான் கூப்பிட்டார். வாய் கூப்பிடும்போது கை ஆட்டுகிறது!

அண்ணனிடம் ஓடினேன். "கொண்டி ஆடினா செய்தி போற மாதிரி பண்ண முடியுமா?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "அசைவைக் கண்டுபிடிக்கிற சென்சார் என்கிட்ட இருக்கு. எனக்கு ஏன் இது தோணல?"

சென்சாரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டியில் கட்டினான். அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் போய்விட்டது. வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டதாம்.

"போச்சு!" என்றேன்.

"ஒண்ணும் போகல. இதெல்லாம் நம்ம வீட்டு வைஃபைக்குள்ளயே பேசிக்கும். வெளி நெட்டே வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை, பல்பு மின்னியது! அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார். "வாங்க, வாங்க!"

கேட்டில் ஓர் ஆடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தார். "ஆடாவது வந்துச்சே" என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"எனக்காக ஒரே ஒரு தடவை வந்து கூப்பிடுங்க பெரியம்மா."

"உனக்காகத்தான் வர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே துணிப்பையோடு வந்தார். கொண்டியை ஆட்டி, "அம்சம்!" என்றார். அடுத்த குரல் கொடுப்பதற்குள் அத்தை வாசலில் நின்றார்.

"இன்னைக்குத்தான் மகாராணிக்குக் காது கேட்டுச்சா?"

அத்தையின் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

"கேக்கலக்கா. காய்ச்சல்ல போயிடுச்சு. லைட்டு எரிஞ்சதைப் பார்த்துத்தான் வந்தேன்."

பெரியம்மா பையைக் கீழே வைத்தார். அப்புறம் அத்தையைக் கட்டிக்கொண்டார்.

"அடிப்பாவி! சொல்றதுக்கு என்ன? உன்னை ராங்கிக்காரின்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேனே!"

நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பேசினால் அத்தைக்கு எப்படிப் புரியும்? நான்தான் முன்னால் நின்று பெரியம்மா சொன்னதை மறுபடி சொன்னேன். அத்தை அழுதுகொண்டே சிரித்தார்.

பெரியம்மா பையைத் திறந்தார். மகள் கல்யாணத்துக்கான ஜாக்கெட் துணிகள்! "கயல், மெஷினுக்கு எண்ணெய் போடு" என்றார் அத்தை. திருப்பூர்ப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது.

"அம்சம்! ஏ அம்சம்!"

கேட்டுக்கு ஓடினேன். "பெரியம்மா, அத்தைக்குக் கேக்காதே! கொண்டியை ஆட்டினா போதும்."

"தெரியும்டி" என்றார் பெரியம்மா. "அதுக்காக, பேரைச் சொல்லிக் கூப்பிடாம ஒரு வீட்டுக்கு எப்படி வர்றது?"