நாலு விரல் இடைவெளியில் ஒரு கறை

2004 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. காலை 5.50.

ராயபுரம் கடலோரத்தில், அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு நடுவே டெரிக் குப்புறக் கிடந்தான். வயது இருபத்து மூன்று. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஏலத்துக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக் கத்தினார்கள்.

அரை மணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அருள்நாதன் வந்தார். பையனின் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் நாலாக மடித்த தாள். நனையவில்லை. அச்சடித்த ஆங்கிலத்தில் ஆறு வரி.

"வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட ஏமாந்துட்டேன், என் சாவுக்கு யாரும் காரணமில்லன்னு எழுதியிருக்கான்" என்றார். "தற்கொலை."

கூட்டத்தில் இன்னாசியும் நின்றிருந்தார். அவர் டெரிக்கின் தாய்மாமன். முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை இறக்கி முதுகு வளைந்த ஆள். நாற்பதைத் தாண்டிய பிறகு அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கூட்டியவர். ஆங்கிலம் தெரியாது. அவர் காதில் திங்கட்கிழமை சாயங்காலம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, நாளைக்கு என்கூட கமிஷனர் ஆபீஸ் வர்றியா? ஒரு கம்ப்ளைண்ட் குடுக்கணும்."

"கப்பல் நின்னுகினு கீது, நைனா. ஞாயித்துக்கெழம போலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை. காலை 8.00.

அடக்கம் முடிந்து ஒரு நாள். பிரேதப் பரிசோதனையில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். பின்மண்டையில் காயம். நுரையீரலில் கடல்தண்ணீர். குதித்தான், கல்லில் அடிபட்டான், மூழ்கினான் என்று அருள்நாதன் முடித்துவிட்டார்.

பிலோமி பற்ற வைக்காத அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். இன்னாசிக்கு அவள் ஒரே தங்கை. அவளுக்கு டெரிக் ஒரே பிள்ளை.

"அண்ணே, கோயில்ல பொட்டிய வெச்சப்ப பின்னால பேசிக்கினு இருந்தாங்க. தானா செத்தவனுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பூசைன்னு. காதுல வுழுந்துச்சு." குரல் உடையவில்லை. அதுதான் இன்னாசிக்குப் பயமாக இருந்தது. "என் புள்ள தானா பூட்டானா? அத்த மட்டும் எனக்குச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"அவன் தாளுங்க வெச்சிருந்த பைல எடு" என்றார் இன்னாசி.

அவருக்குத் தெரிந்தவரை கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் டெரிக் இன்டர்நெட்டில் ஒரு பெயரைப் பதிந்து வைத்தான். ராயபுரத்தையும் மீனையும் சேர்த்து ஒரு டாட் காம். பதிந்தவனுக்குத்தான் அந்தப் பெயர். மனை மாதிரி விற்கவும் செய்யலாம். ஜூன் மாதம் லண்டன் மீன் கம்பெனி ஒன்று மெயில் போட்டது. அஞ்சரை லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனை. பெயரின் மதிப்பு இவ்வளவு என்று அமெரிக்காவில் நாங்கள் சொல்லும் கம்பெனியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கான கட்டணம் டெரிக்கின் தலையில்.

டெரிக் கட்டினான். சான்றிதழ் வந்தது. இது போதாது, இன்னொன்று வேண்டும் என்றார்கள். அதற்கும் கட்டினான். பிலோமியின் கம்மல் போனது. இரண்டாவது சான்றிதழும் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது கேட்டார்கள்.

டெரிக்கிடம் கிரெடிட் கார்டு கிடையாது. ரொக்கத்தை ரகு நெட் சென்டர் ரகுபதியிடம் கொடுப்பான். அவன் தன் கார்டிலிருந்து டாலராகக் கட்டுவான். கூரியர்காரன் குப்பத்துக்குள் வரமாட்டான். கதவு எண்ணை மூன்று தடவை மாற்றியதில் யாருக்கும் எந்த எண் என்று தெரியாது. அதனால் சந்தில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்த் தபாலுக்கு ஏதாவது கடையின் விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். டெரிக் கொடுத்தது ரகு நெட் சென்டர்.

"ஏலத்துல மீன் வாங்குறவன் இன்னா பண்ணுவான்?" என்று திடீரென்று கேட்டார் இன்னாசி.

"செவுளத் தூக்கிப் பாப்பான்."

"அவனே பாப்பான். உன் துட்டுல ஒரு ஆள வெச்சு வெல போட்டுக்கினு வா, அதுவும் நான் சொல்ற ஆளுகிட்டதான் போவணும்னு எவனாச்சும் கேப்பானா?"

"கேட்டா கூடையாலயே அடிப்பேன்."

"நம்ம புள்ளைய அத்தத்தான் கேட்டிருக்கானுங்கோ. வாங்குறவனும் வெல போடுறவனும் ஒரே ஆளு."

"லண்டன்லயா?"

இன்னாசி பைலைப் பிரித்தார். அதிலிருந்த தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். மெயில்களை டெரிக் நெட் சென்டரில் அச்செடுத்த தாள்கள் பன்னிரண்டு. தங்க நிற ஓரம் போட்ட தடித்த தாளில் சான்றிதழ் இரண்டு. ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. எழுத்து தெரியாத காலத்தில் துறைமுகத்தில் அவர் மூட்டைகளைப் பிரித்தது குறியைப் பார்த்துத்தான். வட்டத்துக்குள் புள்ளி ஒரு வியாபாரிக்கு, உடைந்த முக்கோணம் இன்னொருவனுக்கு. ஆயிரம் மூட்டையில் ஒன்று மாறினாலும் கண் நின்றுவிடும்.

கண் நின்றது. வலது ஓரத்தில் தலைப்பிரட்டை மாதிரி ஒரு கறுப்புக் கறை. நாலு விரல் கீழே அதே கறை. இன்னும் நாலு விரல் கீழே மறுபடியும். மெயில் தாள் பன்னிரண்டிலும் இருந்தது.

இரண்டு சான்றிதழ்களையும் வெளிச்சத்தில் பிடித்தார். நாலு விரலை வைத்து அளந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காலை 11.30.

ரகு நெட் சென்டர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில், ஐஸ் கடையை ஒட்டி இருந்தது. வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் நின்றன. இன்னாசி கூப்பிட்டதற்கு அருள்நாதன் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். எப்படியும் சென்டரின் வருகை நோட்டை வாங்கவேண்டியிருந்தது.

"கடைசியா எப்ப வந்தான்?"

"செவ்வாய்க்கிழமை, சார்." ரகுபதி நோட்டைத் திருப்பிக் காட்டினான். முப்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "நாலு பத்துக்கு உள்ள. நாலே முக்காலுக்கு வெளிய. அவன் கையெழுத்துதான்."

"அப்புறம்?"

"அப்புறம் வரல. ஒன்பது மணிக்குக் கடைய மூடிட்டேன்."

"பிரிண்ட் எடுத்தானா?"

"ஒரே ஒரு ஷீட்."

அருள்நாதன் அந்தக் கடிதத்தை நீட்டினார். ரகுபதி கையில் வாங்கிப் பார்த்தான்.

"இதான் சார். நான்தான் மெஷின்லேந்து எடுத்துக் குடுத்தேன். படிக்கல. படிச்சிருந்தா வுட்டிருப்பேனா?"

கடிதத்தை இன்னாசி இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். கறுப்பு எழுத்து, மீதி வெள்ளை. கீழே கையெழுத்து இல்லை, பெயரும் அச்சு.

"ஆத்தாளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. புள்ள இங்கிலீஷ்ல எழுதி வெச்சிட்டுப் போவானா, சார்?"

"கம்ப்யூட்டர் படிச்ச பையன்யா. நீ வேற."

இன்னாசி சான்றிதழ்களை எடுத்தார். "ரகு, இது மெயில்ல வந்து நீ அடிச்சுக் குடுத்ததா?"

"அய்ய, இல்ல அண்ணாத்தே. ஒரிஜினல். அமெரிக்காலேந்து கூரியர்ல வந்துச்சு. ரெண்டையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்."

"கவரு எங்க?"

"அவன் எடுத்துக்கினு பூட்டான்."

"பிரிண்டரு எத்தினி?"

"ஒண்ணே ஒண்ணு. ஏன்?"

"ஒரு தாள் அடி, பாப்போம்."

ரகுபதி அருள்நாதனைப் பார்த்துச் சிரித்தான். மெஷின் முனகி ஒரு தாளைத் தள்ளியது. இன்னாசி வலது ஓரத்தைப் பார்த்தார். சுத்தமான வெள்ளை. கறை இல்லை.

தாளைத் திருப்பினார். மறுபடியும் பார்த்தார்.

"இன்னா, அண்ணாத்தே? பேப்பர் புடிக்கலியா?"

"போதும், இன்னாசி" என்றார் அருள்நாதன்.

அப்போதுதான் பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டு இன்னாசியின் கண்ணில் பட்டது. நீலப் பேனாவில் எண்கள். எண் அவருக்குப் படிக்கத் தெரியும். 17.8.2004. பக்கத்தில் 7.00. கீழே ஒரு போன் நம்பர்.

"சார், இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க."

ரகுபதியின் சிரிப்பு அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

பிற்பகல் 1.15.

எம்.கே.பி. நகரிலிருந்து மொபெட்டில் வந்து இறங்கினான் செங்குட்டுவன், பிரிண்டர் சர்வீஸ்காரன். அருள்நாதன் உட்காரச் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை இங்க என்ன வேலை?"

"கார்ட்ரிட்ஜ் மாத்துனேன், சார். பழசுல டிரம் கீறிப்போச்சு. மே மாசத்துலேந்து எந்தத் தாள எடுத்தாலும் ஓரத்துல கறை. டிரம் சுத்தச் சுத்த அது வந்துகினே இருக்கும். ரகு அண்ணன்தான் ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு இழுத்துக்கினு இருந்தாரு."

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஏழு. சீட்டுல எழுதிக் கீது பாருங்க."

"பழசு?"

"ரீஃபில் பண்ண எடுத்துக்கினு போனேன். பையில கீது."

"மாட்டு."

பழைய கார்ட்ரிட்ஜ் உள்ளே போனது. தாள் வெளியே வந்தது. வலது ஓரத்தில் தலைப்பிரட்டை. நாலு விரல் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

"சொல்லு, இன்னாசி" என்றார் அருள்நாதன். குரல் மாறியிருந்தது.

இன்னாசி ஒரு சான்றிதழை எடுத்து அந்தத் தாளின்மேல் ஓரம் ஒட்ட வைத்தார். மூன்று கறையும் மூன்று கறையின்மேல் உட்கார்ந்தன.

"அமெரிக்காவுல அடிச்ச தாளுல ராயபுரத்து மெஷின் கறை எப்படி வரும், சார்? ரெண்டுமே இங்க அடிச்சது. லண்டன்காரனும் இவன்தான், அமெரிக்காக்காரனும் இவன்தான். கார்டுல டாலரே போவல. கூரியரும் வரல. குப்பத்துக்குத் தபால் வராது, யாரும் வெளிய விசாரிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவன்."

"வாய்க்கு வந்தத பேசாத, அண்ணாத்தே!"

"குந்து, ரகு. இன்னும் முடியல." இன்னாசி அந்தக் கடிதத்தை எடுத்தார். "நாலே முக்காலுக்குள்ள டெரிக் இத்த இங்க அடிச்சான்னு நீதான் சொன்ன. மெஷின்லேந்து நீதான் எடுத்துக் குடுத்த. அப்ப பழைய டிரம்தான உள்ள இருந்துச்சு? கறை எங்க, ரகு?"

சந்தில் ஒரு மீன்பாடி வண்டி கடகடத்துப் போனது.

"கறை இல்லாத தாள் ஏழு மணிக்கு அப்பாலதான் இந்த மெஷின்ல வரும். நாலே முக்காலுக்கு அப்பால அவன் வரவே இல்லன்ற. அப்ப இத்த அடிச்சது யாரு? நீதான். எங்க புள்ள தலைய ஒடச்சிட்டு, குந்திக்கினு, அவன் பேர்ல ஆறு வரி அடிச்சிருக்க."

ரகுபதி வாசலைப் பார்த்தான். செங்குட்டுவன் வாசலை மறித்துப் போய் நின்றுகொண்டான்.

மாலை 4.00.

ஸ்டேஷனில் ரகுபதி சொன்னதை அருள்நாதன் எழுதிக்கொண்டார். எட்டு மணிக்கு டெரிக் திரும்ப வந்தான். கவரில் ஒரு வெளிநாட்டு முத்திரைகூட இல்லையே என்று கேட்டான். காலையில் கமிஷனர் ஆபீஸ் போகிறேன் என்றான். ரகுபதி தள்ளியதில் ஷட்டரின் இரும்புக் கம்பியில் டெரிக்கின் பின்மண்டை மோதியது. கவரைப் பிடுங்கிக் கிழித்தாயிற்று. கடிதம் அடித்துப் பையில் வைத்தாயிற்று. சந்து அடங்கியதும் ஐஸ் கடை வாசலில் கிடந்த மீன்பாடி வண்டியில் போட்டு, தார்ப்பாய் மூடிக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அந்தப் பேரு அவ்ளோ வெல போவுமா?" என்று கேட்டார் இன்னாசி.

"இல்ல. யாருமே கேக்கல. நெட்டுல சும்மா கெடந்துச்சு." ரகுபதி தலையைத் தூக்கவில்லை. "இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இதே மாதிரி மெயில் போட்டேன். எல்லாம் கம்முனு பூட்டானுங்க. இவன் ஒருத்தன்தான்... சத்தியமா சார், கம்பியில மோதுன அப்பவே செத்துட்டான்னுதான் நெனச்சேன்."

அருள்நாதனின் பேனா நின்றது. அவர் இன்னாசியைப் பார்த்தார். நுரையீரலில் கடல்தண்ணீர். செத்தவன் தண்ணீரை உள்ளே இழுக்கமாட்டான். கல்லுக்கு நடுவில் தள்ளும்போது பையனுக்கு மூச்சு இருந்தது.

"நான் அன்னிக்கே பாத்திருக்கணும்" என்றார் அருள்நாதன், மெதுவாக. முழு விவரத்தையும் தமிழில் எழுதி, வீட்டுக்கு என்று ஒரு பிரதி கொடுத்தார்.

இன்னாசி அதை வழியில் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், கடலில் தள்ளும்போது மூச்சு இருந்தது என்ற வரியில் நின்றுவிட்டார். அந்த வரியை இரண்டாவது தடவை படிக்கவில்லை.

மாலை 6.20.

பிலோமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவன் தானா போவலம்மா. ரகுபதி கொன்னுட்டான். எழுதிக் கையெழுத்து வாங்கிக் கீறாங்க. ஞாயித்துக்கெழம பூசையில சாமியார வுட்டே சொல்லச் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும்."

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா, அண்ணே?"

"இல்லம்மா. கம்பியில மோதுன ஒடனே முடிஞ்சிடுச்சு. கடலு கிடலு ஒண்ணும் அவனுக்குத் தெரியாது."

"அதுல அப்படித்தான் எழுதிக் கீதா?"

"அப்படித்தான் எழுதிக் கீது."

அவள் தாள்களை வாங்கினாள். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள், மூன்றாம் பக்கம் வரைக்கும். பிறகு மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகினாள்.

அறிவொளி வகுப்புக்கு வா, வா என்று இன்னாசி அவளை வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறார். இப்போது அவள் பார்க்காதபோது மாதா படத்தைப் பார்த்துக் கை கூப்பினார், அவள் வராமல் போனதற்காக.