முனிமரத்துக் கண்கள்

றொசல்லைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனிமரம் நிற்கிறது. வேலை தொடங்கும்போது பெண்கள் முதல் கொழுந்தை அதன் காலடியில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் நகர்ந்துவிடுவார்கள். மரம் எப்போதாவது கண் திறக்குமாம்... பார்த்தவள் வீட்டில் சாவு விழுமாம்.

வினோதா பார்த்துத் தொலைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தரம் நிமிர்ந்தாள். பட்டையில் இரண்டு சிவந்த கண்கள் திறந்து மூடின. மூன்றாம் நாள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவள் பார்வையே ஆகாது என்றது லயத்துச் சனம். கொடுமை என்னவென்றால், அவளும் நம்பினாள். அன்றிலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை.

இன்று மத்தியானம், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மரத்தடியில் மறந்துவிட்டு, அதை எடுக்கத் தனியாகத் திரும்பி வந்தாள். பனிமூட்டத்தில் பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. கிட்டே போனதும், முனிமரத்தில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓர் உருவம் அசையாமல் நின்றது...

ஆள்தான். பூச்சி தேடித் தோட்டத்துக்கு வந்திருந்த தலவாக்கலை நிரோஷன், கெம்பஸில் அதைப் பற்றித்தான் படிக்கிறவன்.

"தொடாதீங்க. கண்ணு திறக்கும்," என்றாள் மண்ணைப் பார்த்தபடி.

"திறக்கட்டுமே. அதுக்குத்தான் காலையில இருந்து நிக்கிறேன்."

என்ன திமிர் இவனுக்கு! கோபத்தில் அப்பா கதையைக் கொட்டித் தீர்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த இலையொன்றைப் புல் நுனியால் மெல்லத் தொட்டான். இலை பிளந்தது... உள்ளே நெருப்பு நிறத்தில் இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றிலும் கருவிழி போல ஒரு கறுப்பு வளைவு. அதே கண்கள்!

"அந்துப்பூச்சிங்க. மேல் இறக்கை காஞ்ச எல மாதிரியே இருக்கும். பயந்தாத்தான் உள் இறக்கைய காட்டும். அன்னிக்கு உங்கள பாத்து அதுதான் பயந்திருக்கு."

"அப்போ... எங்கப்பா?"

"நெஞ்சு வலியில போயிருக்காரு. உங்க கண்ணால இல்லைங்க."

இரண்டு வருஷ அழுகையும் அங்கேயே உடைந்தது. பூச்சி மறுபடியும் இலையாகிவிட்டது. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"காலையில நீங்க கொழுந்து வைக்கிறப்ப பாத்தேன். குனிஞ்ச தலை நிமிரவே இல்ல. பூச்சி எப்பவோ கெடைச்சிருச்சுங்க... அந்த மூஞ்சிய ஒரு தரம் பாக்கணும்னுதான் நின்னேன். நிமிருங்களேன்."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"பாத்துட்டு ஆகட்டும்."

நிமிர்ந்தாள். அவன் கண்களில் பனியும் பயமும் கொஞ்சம் சிரிப்பும் இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கோ ஒரு குருவி கூவியது.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல."

"உங்களுக்கு ஆகலைங்க," என்றாள் வினோதா, பார்வையை எடுக்காமல். "எனக்குத்தான் ஆயிருச்சு... இனி இந்தக் கண்ண உங்க மேல இருந்து எடுக்க முடியாது."